சிலேட்டுக்காகப் போட்ட தண்டவாளம்

நம்மில் பலர் எழுத்தைத் தொடங்கியது சிலேட்டில்தான். மரச்சட்டம் போட்ட அந்தக் கறுப்புப் பலகை, எச்சில் தொட்டு அழித்த விரல், கீழே போட்டு உடைத்துவிட்டு வீட்டில் வாங்கிய திட்டு எல்லாம் நினைவில் இருக்கும். அந்தப் பலகை ஒரு பாறை என்பதை மட்டும் அப்போது யாரும் நமக்குச் சொல்லவில்லை. களிமண் படிவு இறுகிப் பாறையாகி, பூமிக்குள் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறி, ஏடு ஏடாகப் பிளக்கும் தன்மை பெற்றதே சிலேட்டுப் பாறை. பாறைகள் பாடத்தில் உருமாறிய பாறைக்கு எடுத்துக்காட்டாக நாம் இதைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இந்தப் பாறையை மலையிலிருந்து கீழே கொண்டுவரவே போடப்பட்ட ஒரு சிறு ரயில் பாதையின் கதை இது. இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டின் தாலிலின் ரயில் பாதைதான் அது. பாறை, சாய்தளம், ஈர்ப்பு விசை, நீராவி, அளவை, தொழிலாளர் வாழ்வு என நாம் தனித்தனிப் பாடங்களாக நடத்தும் பலவும் இந்த ஒரே பாதையில் வரிசையாக வருகின்றன. அதோடு, ஒரு தொழில் நின்றுபோகும்போது அதைச் சார்ந்த அறிவு என்ன ஆகும் என்ற கேள்வியையும் அது நம் முன் வைக்கிறது.

தொழில் டிராம் பாதை என்றால் என்ன?

டிராம் என்றதும் 1953 வரை சென்னைத் தெருக்களில் ஓடிய மின்சார டிராம் நினைவுக்கு வரும். தொழில் டிராம் பாதை வேறு. குவாரி, சுரங்கம், கரும்பு வயல், காடு போன்ற இடங்களிலிருந்து சரக்கைத் துறைமுகத்துக்கோ பெரிய ரயில் நிலையத்துக்கோ ஆலைக்கோ கொண்டு சேர்க்கும் சிறு இருப்புப்பாதையே அது. செலவைக் குறைக்கவும் மலை வளைவுகளில் நெளிந்து போகவும் பெரும்பாலும் குறுகிய பாதையாகவே போடுவார்கள்.

தாலிலின் பாதையின் அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம், 2 அடி 3 அங்குலம் மட்டுமே. மில்லிமீட்டரில் 686. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. ஊட்டி ரயில் ஓடும் மீட்டர் பாதை 1,000 மி.மீ. வகுப்பறைத் தரையில் இந்த மூன்று அகலங்களையும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, மாணவர்களை அவற்றுக்கு நடுவே நிற்கச் சொல்லுங்கள். எண்கள் கண்ணுக்குத் தெரியும் அகலங்களாக மாறிவிடும்.

பிரின் எக்லுவிஸ் என்ற சிலேட்டுக் குவாரிக்காக 1860களில் இந்தப் பாதை போடப்பட்டது. மலையடிவார ஊரான அபர்கனோல்வினிலிருந்து கடலோர ஊரான டவின் வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். சரக்கோடு பயணிகளையும் ஏற்றிச் செல்ல 1865இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அனுமதிச் சட்டம் இயற்றியது. அந்தத் தொடக்க நாட்களில் வாங்கிய இரண்டு நீராவி எஞ்சின்கள்தாம் தாலிலின், டோல்கோக். அடுத்த எண்பது ஆண்டுகளுக்குப் பாதையில் எஞ்சின் என்றால் இந்த இரண்டுதான்.

சரிவே இயந்திரம்

குவாரி மலைமேல் இருந்தது. செங்குத்தான சரிவில் எஞ்சின் ஏறாது. எனவே அங்கே சாய்தளம் அமைத்தார்கள். சாய்தளத்தின் உச்சியில் ஒரு பெரிய உருளை. அதில் சுற்றிய கம்பிவடத்தின் ஒரு முனையில் சிலேட்டு ஏற்றிய பெட்டிகள், மறு முனையில் கீழே நிற்கும் காலிப் பெட்டிகள். பாரப் பெட்டி இறங்கும்போது அதன் எடையே காலிப் பெட்டியை மேலே இழுத்துவிடும். நிலக்கரி வேண்டாம், எஞ்சின் வேண்டாம். உருளையின் பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஆள் போதும். கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளி கட்டி இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இதை ஒரு கணக்காக்கலாம். (எண்கள் வகுப்புக்காக நாம் எடுத்துக்கொண்டவை.) பாரப் பெட்டியின் நிறை 1,500 கி.கி., காலிப் பெட்டி 500 கி.கி. பத்து மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்வோம். சரிவின் வழியே பாரப் பெட்டியின் மீதான விசை 1,500 நியூட்டன், காலிப் பெட்டியின் மீதானது 500 நியூட்டன். வேறுபாடு 1,000 நியூட்டன். உராய்வை எதிர்த்தது போக மீதியைப் பிரேக் தாங்க வேண்டும். சாய்தளத்தின் நீளம் 100 மீட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் 1,00,000 ஜூல் நிலையாற்றல் குறைகிறது. "அந்த ஆற்றல் எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். பிரேக் கட்டையைத் தொட்டால் கை சுடும் என்ற பதில் மாணவர்களிடமிருந்தே வந்தால் ஆற்றல் மாறாக் கோட்பாட்டை அவர்களே கண்டுபிடித்ததாக ஆகும்.

அதே வேல்ஸில் ஃபெஸ்டினியோக் என்ற இன்னொரு சிலேட்டுப் பாதை 1836இல் தொடங்கியது. முதல் இருபத்தேழு ஆண்டுகள் அங்கே எஞ்சினே இல்லை. மலையிலிருந்து துறைமுகம் வரை சிலேட்டு வண்டிகள் ஈர்ப்பு விசையால் தாமாகவே இறங்கின. காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லக் குதிரைகள். இறங்கும்போது அந்தக் குதிரைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு! குதிரை ஏறிப் பயணம் செய்த ரயில் என்றால் எந்த வகுப்பும் கண் விரியக் கேட்கும். 1863இல் அங்கே நீராவி எஞ்சின் வந்தது. இவ்வளவு குறுகிய பாதையில் எஞ்சின் ஓடும் என்று அது காட்டியது உலகெங்கும் மலை ரயில்கள் போடுவோருக்குத் துணிவு தந்தது.

பாலத்தடியில் ஒரு கழித்தல் கணக்கு

பயணிகளை ஏற்றும் முன் தாலிலின் பாதையை 1866இல் அரசின் ஆய்வாளர் கேப்டன் டைலர் பார்வையிட்டார். ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். பாதையைக் கடக்கும் பாலங்களின் உள் அகலம் 9 அடி 1 அங்குலம். பெட்டியின் அகலம் 5 அடி 3½ அங்குலம். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது 2 அடி 6 அங்குலம் வேண்டும் என்பது விதி. ரயில் பாலத்தடியில் நின்றுவிட்டால் பயணிகள் கதவைத் திறந்து இறங்க வேண்டுமே!

மாணவர்கள் கணக்கிடட்டும். 9 அடி 1 அங்குலத்தில் 5 அடி 3½ அங்குலம் போக மீதி 3 அடி 9½ அங்குலம். இருபுறமும் சமமாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 1 அடி 10¾ அங்குலம். விதிக்கு 7¼ அங்குலம் குறைகிறது. பாலங்களை இடித்துக் கட்டப் பணம் இல்லை. நீங்கள் பொறியாளர் என்றால் என்ன செய்வீர்கள்? விடையைச் சொல்லாமல் பத்து நிமிடம் பேசவிடுங்கள்.

அவர்கள் செய்தது இதுதான்: பாலத்தடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தினார்கள். ஒரு புறம் தேவையான இடைவெளி கிடைத்தது. மறுபுறம் இடமே இல்லாததால் அந்தப் பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். இன்றும் அந்த ரயிலில் ஒரே பக்கம்தான் ஏறி இறங்க முடியும். ஒரு கழித்தல் கணக்கின் விடை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ரயிலின் உருவத்தில் நிற்கிறது.

எஞ்சின் மூச்சு விடும் விதம்

நீராவி எஞ்சினில் மறைவான பொருள் குறைவு. அதுதான் ஆசிரியருக்கு வசதி. நெருப்புப் பெட்டியில் நிலக்கரி எரிகிறது. சூடான புகை, கொதிகலனுக்குள் நீரில் மூழ்கியிருக்கும் குழாய்கள் வழியே செல்கிறது. நீர் ஆவியாகிறது. திறந்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீர் ஆவியானால் அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். கொதிகலன் மூடியிருப்பதால் அப்படிப் பெருக முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் உருளைக்குள் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் நேர்கோட்டு இயக்கம் இணைப்புத் தண்டு மூலம் சக்கரத்தின் சுழற்சியாகிறது.

வேலை முடித்த நீராவி சும்மா வெளியேறுவதில்லை. புகைபோக்கியின் அடியில் ஒரு குழாய் வழியே மேலே பீய்ச்சப்படுகிறது. அது போகும் வேகத்தில் புகையையும் இழுத்துச் செல்கிறது. அதனால் நெருப்புக்குப் புதுக்காற்று பாய்கிறது. எஞ்சின் கடினமாக உழைக்கும்போது நீராவி அதிகம் வெளியேறும். நெருப்பும் தானாகவே அதிகம் எரியும். நாம் கேட்கும் "குப்... குப்..." அந்தப் பீய்ச்சலின் ஒலி.

சாதாரண இரண்டு உருளை எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு முறை இந்த ஒலி கேட்கும். இதைக் கொண்டே வேகம் கணக்கிடலாம். சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ. என்று கொள்வோம். சுற்றளவு 2.2 மீட்டர். பத்து வினாடியில் 40 ஒலி என்றால் 10 சுற்று, 22 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. ஒருவர் மேசையைத் தட்டி ஒலி எழுப்ப, மற்றவர்கள் வேகம் சொல்லும் விளையாட்டாக இதை நடத்தலாம்.

1946: குவாரி நின்றது

1911இல் குவாரியையும் ரயிலையும் வாங்கியவர் சர் ஹேடன் ஜோன்ஸ். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். சிலேட்டுக் கூரைக்கு மாற்றாக ஓடுகள் வந்தபின் தொழில் தேய்ந்தது. 1946 டிசம்பர் இறுதியில் குவாரிக்குள் பெரும் சரிவு ஏற்பட்டது. பாதுகாப்பில்லை என்று குவாரியை மூடினார்கள். அதை நம்பியிருந்த தொழிலாளர்களின் பிழைப்பு போயிற்று.

ரயிலுக்கு இனிச் சரக்கு இல்லை. ஆனாலும் தாம் உயிரோடிருக்கும்வரை ரயில் ஓடும் என்று சர் ஹேடன் சொல்லியிருந்தார். கோடையில் வாரத்துக்குச் சில நாட்கள் டோல்கோக் எஞ்சின் மட்டும் பயணிகளை இழுத்தது. தாலிலின் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. தண்டவாளம் பெரும்பாலும் தொடக்கத்தில் போட்டதே. ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போய், வேரோடிய புல்தான் தண்டவாளங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொல்லும் நிலை. 1948இல் பிரிட்டனின் ரயில்வேக்கள் நாட்டுடைமையானபோது இந்தச் சிறு பாதை பட்டியலில் சேரவே இல்லை.

1950 ஜூலையில் சர் ஹேடன் இறந்தார். அந்தக் கோடையோடு எல்லாம் முடிந்துவிடும் என்றிருந்த நேரத்தில், பொறியியல் பயின்ற எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் 1950 அக்டோபர் 11 அன்று பர்மிங்காம் நகரில் ஒரு பொதுக்கூட்டம் கூட்டினார்கள். தன்னார்வலர்களைக் கொண்டு ரயிலை ஓட்டலாம் என்று முடிவாயிற்று. பல ஆண்டுகளாகப் பாதையை நிர்வகித்த எட்வர்டு தாமஸ் என்ற முதியவர் இரு தரப்புக்கும் பாலமாக இருந்தார். 1951 மே 14 அன்று டோல்கோக் எஞ்சின் மீண்டும் புறப்பட்டது. உலகில் தன்னார்வலர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில் பாதை இதுதான். நம் மாணவர்கள் கார்ட்டூனில் பார்க்கும் 'தாமஸ்' எஞ்சின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் இங்கே தன்னார்வலராக வேலை செய்தவர். இந்தப் பாதையின் எஞ்சின்களை வைத்தே சில கதைகளை எழுதினார்.

அகன்ற தண்டவாளம் கற்பித்த பாடம்

ஒரே எஞ்சினை நம்பி ரயில் ஓட்ட முடியாது. பக்கத்தில் இருந்த கோரிஸ் என்ற இன்னொரு சிலேட்டுப் பாதை 1948இல் மூடப்பட்டிருந்தது. அதன் அகலமும் 2 அடி 3 அங்குலமே. அதன் இரண்டு எஞ்சின்களும் வேலையின்றி நின்றிருந்தன. 1951இல் தலா 25 பவுண்டுக்கு அவற்றை வாங்கினார்கள். ஒன்றுக்கு சர் ஹேடன் என்றும், மற்றொன்றுக்கு எட்வர்டு தாமஸ் என்றும் பெயரிட்டார்கள்.

சர் ஹேடன் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால், தண்டவாளத்தை விட்டு இறங்கியது. காரணம் எளிமையானது. தாலிலின் எஞ்சினின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீண்ட தூரத்துக்கு ஏற்ப, பழைய நிர்வாகம் தண்டவாளங்களை வேண்டுமென்றே பெயரளவைவிடச் சற்று அகலமாகப் போட்டிருந்தது. பழைய எஞ்சின்களின் சக்கர விளிம்பு அகலமானது, அதனால் சமாளித்தன. வந்த எஞ்சினின் சக்கரம் ஒடுக்கமானது. அகன்ற தண்டவாளங்களுக்கு நடுவே விழுந்துவிட்டது. காகிதத்தில் இரு பாதைகளும் ஒரே அகலம். தரையில் அப்படி இல்லை. பெயரளவு மதிப்பும் அளந்த மதிப்பும் வேறு என்பதை அளவியல் பாடத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

பாதையைப் பழுதுபார்ப்பதே அடுத்த பல ஆண்டுகளின் வேலையாயிற்று. பிற ஊர்களிலிருந்து வந்த தன்னார்வலர்களுக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் எந்த வளைவில் தண்டவாளம் நழுவும், எங்கே எஞ்சினை மெதுவாக விட வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே உழைத்த ஒரு சிலருக்குத்தான் தெரியும். அவர்கள் இருந்ததால் அந்த அறிவு கைமாறியது. இன்னும் பத்து ஆண்டு கழித்துத் தொடங்கியிருந்தால் அது கிடைத்திருக்காது.

இதன் மறுபக்கத்தையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். ரயில் பிழைத்தது, குவாரி வேலை திரும்பவில்லை. ஓய்வுக்காக நகரத்திலிருந்து வந்தவர்கள் எஞ்சின் ஓட்டினார்கள். ஊர்க்காரர்கள் வேறு பிழைப்புத் தேடினார்கள். "எது காப்பாற்றப்பட்டது, எது காப்பாற்றப்படவில்லை?" என்பது ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நல்ல விவாதத் தலைப்பு.

நம் பக்கத்தில்

நம் ஆனைமலைப் பகுதியில் டாப்சிலிப் என்ற இடம் உண்டு. வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர். அதையடுத்த பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை கொச்சி அரசு ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு ஒரு காட்டு டிராம் பாதை போட்டது. 1907 முதல் 1963 வரை அதில் தேக்கு இறங்கியது. சமதளத்தில் நீராவி எஞ்சின். செங்குத்துச் சரிவில் பாரப் பெட்டி இறங்கக் காலிப் பெட்டி ஏறும் அதே முறை. வேல்ஸில் கண்ட அதே இயற்பியல் இங்கேயும்! அதைத் தொடர்ந்து ஓட்ட யாரும் கூடவில்லை. இன்று மிஞ்சியிருப்பவை சில அடையாளங்களே.

தாலிலின் ரயில் பிழைக்குமா என்று பேசிக்கொண்டிருந்த அதே 1950இல், மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் சுதந்திர இந்தியா தன் நீராவி எஞ்சின்களைக் கட்டத் தொடங்கியது. அங்கே கட்டிய கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சின் 1970இல் வெளிவந்தது. கடைசி நட்சத்திரம் என்ற பொருளில் அதற்கு 'அந்திம் சிதாரா' என்று பெயர். 1990களின் நடுவில் அகலப்பாதையில் நீராவி ஓய்ந்தது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் இன்றும் நம் கண்முன் நீராவி எஞ்சின் மலையேறுகிறது. அதற்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியிருக்கிறது என்றால், அறிவு கைமாறியிருக்கிறது என்று பொருள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. தொடக்க வகுப்புகளுக்கு: ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, உச்சியில் நூற்கண்டுக் கட்டையைப் பொருத்துங்கள். நூலின் இரு முனைகளிலும் தீப்பெட்டி வண்டிகள். ஒன்றில் கற்களை ஏற்றுங்கள். எத்தனை கல்லுக்கு மற்ற வண்டி மேலே ஏறுகிறது? பலகையின் சாய்வைக் கூட்டினால்?

2. நடுநிலை வகுப்புகளுக்கு: வகுப்பறைக் கதவின் அகலத்தையும் மேசையின் அகலத்தையும் அளந்து, மேசையை வெளியே எடுக்கும்போது இருபுறமும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு எடுத்துப் பாருங்கள். கணக்கும் அனுபவமும் ஒத்துப்போகின்றனவா?

3. உயர்நிலை வகுப்புகளுக்கு: நீராவிக் காலத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற டிரைவர், பயர்மேன், கேங்மேன் எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால் மாணவர்களை அனுப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அரக்கோணம், ஜோலார்பேட்டை, ஈரோடு, விழுப்புரம், மதுரை போன்ற ஊர்களில் தேட வேண்டியதே இல்லை. பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல் இப்படிக் கேட்கட்டும்: "கரி நல்ல கரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், தாத்தா? எஞ்சினின் சத்தத்தை வைத்து என்ன தெரிந்துகொள்வீர்கள்? இரவில் தண்டவாளத்தை எப்படிச் சோதிப்பீர்கள்?" ரயில் இல்லாத ஊரில் சர்க்கரை ஆலை, உப்பளம், கல்குவாரி, செங்கல் சூளை எதுவாயினும் சரி.

மூன்றாவது செயல்பாட்டை இந்த ஆண்டே தொடங்குவது நல்லது. இந்தியாவில் நீராவி ஓய்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று இருபத்தைந்து வயதில் கரி அள்ளிப் போட்டவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். எஞ்சினை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைக்கலாம். அதை ஓட்டிய கைக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதினால்தான் உண்டு. அப்படி எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று உங்கள் பள்ளி நூலகத்தில் சேர்ந்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு அதுவே பாடநூல்.